எடையைப் பார்த்து வாங்கிய டிராக்டர்

பாகூர் கொம்யூனில் ஒருவர் டிராக்டர் வாங்கினால் ஊரில் எழும் முதல் கேள்வி, "எத்தன எச்.பி.?" என்பதுதான். முப்பத்தைந்து என்றால் சரி என்பார்கள். நாற்பத்தைந்து என்றால் மரியாதை ஒரு படி கூடும். ஏரிப் பாசனத்தில் இரண்டு காணி சொச்சம் வைத்திருந்த ஒருவர், தானே புயல் அடித்துப் போன சில வருஷங்களுக்குப் பிறகு, அந்தக் கேள்விக்கு "இருபத்துநாலு" என்று பதில் சொன்னபோது தெருவே சிரித்தது. 'பொம்மை வண்டி' என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர் அடுத்த சம்பா உழவு வரைக்கும்தான் நின்றது.

அவர் எச்.பி.யைப் பார்த்து வாங்கவில்லை. விற்பனைக்காரர் கையில் கொடுத்த மடிப்புத் தாளின் கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில் இருந்த எடையைப் பார்த்து வாங்கினார். அந்த எண்ணை முதலில் பார்க்க வேண்டும் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தது எந்தக் கடைக்காரரும் இல்லை. பாகூர்ச் சேறு.

பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வரும் தண்ணீர் பாகூர் ஏரியை நிரப்புகிறது. ஊசுடு ஏரிக்கு அடுத்தபடி புதுச்சேரிப் பகுதியில் பெரிய ஏரி இதுதான். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் நெல் பார்த்த மண். பட்டாவை எடுத்துப் பார்த்தால் பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கப்படி ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று இருக்கும். பேச்சில் மட்டும் காணியும் குழியும். நூறு குழி ஒரு காணி. ஆர் கணக்கில் ஐம்பத்துமூன்றரை. அந்த ஒரு காணியும் ஒரே துண்டாக இருப்பது அபூர்வம். அண்ணன் தம்பி பாகம் பிரித்து, மகள் கல்யாணத்துக்கு ஒரு மூலையை விற்று, கால்வாய்க்குக் கொஞ்சம் போய், மிச்சம் இருப்பது இருபது குழி, முப்பது குழியாகச் சிதறிக் கிடக்கும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 1.08 ஹெக்டேர். தமிழ்நாட்டில் 0.75. இந்த அளவுக்குள் திரும்பி வரக்கூடிய வண்டி எது என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்காமலே ஒரு தலைமுறை கடன் வாங்கிவிட்டது.

அவருடைய நைனா காலத்தில் வீட்டில் உழவு மாடுகள் இருந்தன. ஒரு ஜோடி மாட்டின் இழுவையை ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன் என்று வேளாண் பொறியாளர்கள் கணக்குப் போடுவார்கள். அந்த ஒரு குதிரைத்திறனில்தான் சேற்றுழவு, பரம்பு, அறுப்பு முடிந்து வண்டிப் பாரம் எல்லாமே நடந்தன. மாடு தளர்ந்ததும் வாடகை டிராக்டர் வந்தது. பின்சக்கரம் இரண்டிலும் கேஜ் வீல் மாட்டிய பெரிய வண்டி.

ஒரு புரட்டாசியில் அந்த வண்டி வயலில் இறங்கிய நாளை அவர் இப்போதும் நிறுத்தி நிதானமாகச் சொல்வார். மடை திறந்து நாலு நாளாகத் தண்ணீர் நின்ற வயல். நடவு ஆட்கள் நாற்றுக்கட்டோடு வரப்பில் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. நேராகப் போன வரைக்கும் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. சனி மூலையில் திரும்பும்போது வலது பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, கேஜ் வீலின் இரும்புப் பட்டைகள் சேற்றை அள்ளி அள்ளிப் பின்னால் எறிந்தன. கொஞ்ச நேரத்தில் ஆக்சில் வரைக்கும் உள்ளே. முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பனந்துண்டு போட்டார்கள், வைக்கோல் போட்டார்கள். கடைசியில் இன்னொரு வண்டி வந்து சங்கிலி கட்டி இழுத்ததில் ஒரு வரப்பும் சேர்ந்து போனது. எல்லாரும் அப்பாடா என்று மூச்சு விட்டபோது நைனா மட்டும் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டிய எடுத்துக்கினீங்க தம்பி. என் வயலு அடிய யாரு கட்டித் தருவா?"

வயலின் அடி என்று அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. நெல் வயலில் மேல் அரையடிதான் சேறு. அதற்குக் கீழே, தலைமுறை தலைமுறையாக மாடும் மனிதனும் மிதித்து இறுகிய ஒரு தட்டு இருக்கும். நிற்கிற தண்ணீரைத் தாங்குவது அதுதான். கனமான வண்டி வருஷா வருஷம் அதே வயலில் இறங்கினால் அந்தத் தட்டு அங்கங்கே உடையும். உடைந்த இடத்தில் சக்கரம் அடுத்த வருஷம் இன்னும் ஆழமாக இறங்கும். தண்ணீரும் இறங்கும். அந்தச் சனி மூலையில் அதற்குப் பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் மறுநாள் காலையில் மண் தெரிந்தது. மோட்டார் கூடுதல் நேரம் ஓடியது. உழவுக் கூலியை மிச்சம் பிடித்த குடும்பம் தண்ணீரில் அதை விட்டது.

அடுத்து வந்தது பவர் டில்லர். பெங்களூரில் ஜப்பானின் மிட்சுபிஷி கூட்டுறவோடு 1967-ல் தொடங்கிய வி.எஸ்.டி. கம்பெனியின் 13 எச்.பி. டில்லரைத் தென்னிந்திய நெல் வட்டாரங்களில் பார்க்காதவர்கள் குறைவு. எடை கம்மி, சேற்றில் புதையாது, இருபது குழி வயலிலும் நாலு மூலையையும் தொடும். ஆனால் ஓட்டுகிறவன் நாள் முழுக்கச் சேற்றில் அதன் பின்னாலேயே நடக்க வேண்டும். கைப்பிடியின் அதிர்வு முழங்கை வரைக்கும் ஏறும். சாயங்காலம் டம்ளரைப் பிடிக்கும்போது விரல் நடுங்கியதை அவர் வீட்டில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். சேற்றுக்கு டில்லரின் எடை வேண்டும். ஓட்டுகிறவனுக்கு ஓர் இருக்கை வேண்டும். காம்பாக்ட் டிராக்டர், ஊர்ப் பேச்சில் மினி டிராக்டர், இந்த இரண்டு தேவையும் சந்திக்கிற இடம். ஜப்பானின் சிறு நெல் வயல்களுக்காக வளர்ந்த வடிவம் அது. ஒசாகாவில் 1890-ல் வார்ப்படப் பட்டறையாகத் தொடங்கிய குபோட்டா, தன் முதல் வயல் டிராக்டரை 1960-ல் கொண்டுவந்தது. 15 எச்.பி.தான்.

அவர் வாங்கப் போனபோது மேசையில் பல கம்பெனித் தாள்கள் கிடந்தன. அவற்றை அவர் வாசித்த விதம் இன்றைக்கும் வாங்குகிறவருக்கு உதவும்.

முதலில் என்ஜின். மஹிந்திரா யுவராஜ் 215 வண்டி 15 எச்.பி.; ஒரே சிலிண்டர், 863.5 சி.சி. மஹிந்திராவின் ஜீவோ 245 வண்டி 24 எச்.பி.; இரண்டு சிலிண்டர், 1,366 சி.சி. குபோட்டா நியோஸ்டார் பி2441 வண்டியும் 24 எச்.பி.தான்; மூன்று சிலிண்டர், 1,123 சி.சி. பின்னது இரண்டும் ஒரே எச்.பி. என்றாலும் அது வருகிற வழி வேறு. ஜீவோவின் பெரிய என்ஜின் நிமிஷத்துக்கு 2,300 சுற்றில் அதைக் கொடுக்கிறது. நியோஸ்டாரின் சின்ன என்ஜின் 2,600 சுற்று சுற்றிக் கொடுக்கிறது. சிலிண்டர் கூடினால் அதிர்வு குறையும், ஓட்டம் மெத்தென்று இருக்கும். சிலிண்டர் குறைந்து சி.சி. கூடினால் மெதுவான சுற்றிலேயே இழுவை கிடைக்கும், பிரித்து வேலை பார்ப்பதும் சுலபம். எது உயர்ந்தது என்று சண்டை போடுவதில் பயன் இல்லை. காய்ந்த கொல்லையில் கலப்பை இழுக்கிறவருக்கு ஒன்று ஒத்துவரும். ரொட்டவேட்டரை நம்பிப் பிழைக்கிறவருக்கு இன்னொன்று.

பிறகுதான் அவர் கண் எடைக்குப் போனது. நியோஸ்டார் பி2441 ஏறத்தாழ 630 கிலோ. 45 எச்.பி. வண்டிகள் பொதுவாக ஒன்றேமுக்கால் டன்னைத் தாண்டும். எச்.பி. பாதிக்குச் சற்று மேல். எடையோ மூன்றில் ஒரு பங்கு. ஒரு எச்.பி.க்கு எத்தனை கிலோ இரும்பைச் சேற்றில் இறக்குகிறோம் என்று வகுத்துப் பார்த்தால், சின்ன வண்டியில் சுமார் 26 கிலோ, பெரிய வண்டியில் 40 கிலோ. நைனாவின் கேள்விக்கு அந்த வகுத்தலில் பதில் இருந்தது.

எடை கம்மி என்றால் இழுவையும் கம்மிதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டிராக்டர் கலப்பையை இழுப்பது சக்கரம் மண்ணைப் பிடிக்கும் பிடியால்; பிடி எடையைப் பொறுத்தது. அதனால்தான் காய்ந்த நிலத்தில் ஒன்பது கொழுக் கலப்பையோ சட்டிக் கலப்பையோ போட்டால் சின்ன வண்டி திணறும். இந்தக் குறையை இரண்டு வழியில் ஈடுகட்டியிருக்கிறார்கள்.

ஒன்று, நாலு சக்கர இழுவை. இரண்டு சக்கர இழுவை வண்டியில் முன்சக்கரத்துக்குத் திரும்புகிற வேலை மட்டும்தான். சேற்றில் அது மண்ணைத் தள்ளிக்கொண்டே போகும்; பின்சக்கரம் அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். நாலு சக்கர இழுவையில் முன்சக்கரமும் மண்ணைப் பிடித்து இழுக்கிறது. பாகூர் வயலின் சனி மூலையில், பெரிய வண்டி புதைந்த அதே இடத்தில், சின்ன வண்டி திரும்பியது இதனால்தான். குபோட்டா பி வரிசையில் முன் ஆக்சிலுக்குள் இருப்பது பெவல் கியர். வெளியே திறந்த மூட்டு கிடையாது, சேறு உள்ளே போவது குறைவு. தரையிலிருந்து வண்டியின் அடிவயிற்றுக்கு 325 மில்லிமீட்டர் இடைவெளி, அதாவது ஒரு அடிக்கு மேல். அதனால், வரப்பு ஏறி இறங்கும்போது அடி தட்டாது.

இரண்டாவது, பி.டி.ஓ. ஊரில் இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள். சின்ன வண்டியின் உயிர் இதில்தான் இருக்கிறது. டிராக்டரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பல் வெட்டிய ஷாஃப்ட் அது. என்ஜின் சக்தியைச் சக்கரம் வழியாக விடாமல் நேராகக் கருவிக்குக் கொடுக்கும். உலகம் முழுக்க அதற்கு வழக்கமான வேகம் நிமிஷத்துக்கு 540 சுற்று. இதில் ரொட்டவேட்டரை மாட்டினால் நடப்பதைக் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். 'எல்' வடிவ பிளேடுகள் சக்கரம் உருளும் திசையிலேயே சுற்றி, மண்ணை மேலிருந்து வெட்டிப் பின்னால் எறிகின்றன. அப்படி வெட்டும்போது அவை வண்டியை முன்னால் தள்ளவும் செய்கின்றன. கலப்பை வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். ரொட்டவேட்டர் முன்னுக்குத் தள்ளும். எடை குறைந்த வண்டி பிடி இல்லாமல் தவிக்க வேண்டிய அவசியமே அங்கே இல்லாமல் போகிறது.

இந்தக் கருவி ஆஸ்திரேலியாவில் பிறந்தது. ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் என்ற விவசாயி மகன், 1912-ல் தன் தகப்பனாரின் பண்ணையில், என்ஜின் ஷாஃப்டில் வெட்டுக்கத்திகளை மாட்டிப் பரிசோதித்துப் பார்த்தார். கலப்பை மண்ணைப் புரட்டும்போது அடியில் அழுத்துகிறதே, அழுத்தாமல் உதிர்க்க முடியாதா என்பதுதான் அவர் தேடியது. 1920-ல் காப்புரிமை வாங்கினார். ஒரு நூற்றாண்டு கழித்து, வில்லியனூர் சாலையோரத்துப் பட்டறைகளில் அதே பிளேடுகளுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பி.டி.ஓ.வைப் பார்க்கும்போது கிளட்சையும் பார்க்க வேண்டும். ஒற்றைக் கிளட்ச் வண்டியில் கியர் மாற்ற மிதித்தால் பின்னால் ரொட்டவேட்டரும் நின்றுவிடும். சேற்றில் அது நின்று மறுபடி சுற்றத் தொடங்கும்போது என்ஜின் முக்கும். டபுள் கிளட்ச் இருந்தால் பாதி மிதித்ததும் வண்டி மட்டும் நிற்கும், கருவி சுற்றிக்கொண்டே இருக்கும். காசு கொஞ்சம் கூட. நெல் வயலில் வேலை செய்கிறவர் கொடுக்கலாம். பிரேக்கும் எண்ணெய்க்குள் முங்கியிருக்கும் வகையாக இருப்பது நல்லது. காய்ந்த தட்டு பிரேக்குக்குள் சேறு போனால், போன அன்றே தெரியாது. மெயின் ரோட்டில் ஏறின பிறகு தெரியும்.

லிஃப்ட் என்று எல்லாரும் சொல்லும் மூன்று முனை இணைப்பு வட அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசனின் கொடை. அதுவரைக்கும் டிராக்டர் என்றால் கலப்பையைச் சங்கிலி போட்டு இழுக்கிற இரும்பு மாடு. அவர் கலப்பையை வண்டியின் உடம்போடு சேர்த்து, அதன் பளு பின்சக்கரத்தின் மேல் விழும்படி செய்தார். எடை குறைந்த வண்டியும் உழலாம் என்று காட்டியது அந்த ஏற்பாடு. 1939-ல் ஹென்றி ஃபோர்டோடு சேர்ந்து அதைப் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தார். சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே வண்டிகளின் பானெட்டில் நம் ஊர்க்காரர்கள் தினம் பார்க்கும் 'மாஸி ஃபெர்குசன்' பேரில் பாதி அவருடையது. சின்ன வண்டித் தாள்களில் தூக்கும் திறன் 750 கிலோ என்று போட்டிருப்பார்கள். அது இணைப்பின் நுனியில் தூக்கும் கணக்கு. கருவி பின்னால் தள்ளி நீண்டிருந்தால் அவ்வளவு வராது. அதோடு, வரப்பு ஏறும்போது முன்சக்கரம் அந்தரத்தில் நிற்கும். ரொட்டவேட்டரை வண்டிக்குத் தக்க மூன்றடி, மூன்றரை அடியோடு நிறுத்திக்கொள்வதே புத்தி. பக்கத்து வீட்டு ஆறடியைப் பார்த்து ஆசைப்பட்டால் லிஃப்டும் போகும், முதுகும் போகும்.

அவருடைய வண்டிக்குப் பாகூரைவிட அதிக வேலை கொடுத்தது வில்லியனூர்ப் பக்கம். சங்கராபரணி ஆற்றோரத்து வாழை, கரும்பு, காய்கறி, பூ. கூடப்பாக்கம் இந்த வட்டாரத்தில் பேர்போன ஊர். அங்கே புதிய கனகாம்பர ரகங்களை உருவாக்கிய விவசாயி வேங்கடபதிக்கு 2012-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. தோட்டப் பயிருக்குக் களை எடுக்கவும் மண் அணைக்கவும் ஆள் கிடைக்காத காலம் வந்தபோது, ஒரு மீட்டர் அகலத்துக்கு அடங்குகிற வண்டிக்குத் தேவை தானாக வந்தது. ஆறடி இடைவெளி விட்டு வைத்த வாழைக்கு நடுவே இலை கிழியாமல் அது போய்வரும். ஐந்தடி பார் விட்ட கரும்பில், கணு விடும் வரைக்கும் உள்ளே ஓட்டி மண் அணைக்கலாம். தோட்டத்துக்காரர்கள் அவரைக் கூப்பிட்டபோது யாரும் எச்.பி. கேட்கவில்லை. "அண்ணே, டயருக்கு டயர் எத்தினி அடி?" என்றுதான் கேட்டார்கள்.

செய்ய முடியாததையும் சொல்லியாக வேண்டும். கரும்பு லோடு இழுப்பது அதன் வேலை இல்லை. பெரிய டிராக்டர் வைத்திருந்தவர்களுக்கு ஒரு காலத்தில் வருமானம் உழவில் வந்ததைவிட டிரெய்லரில்தான் வந்தது. லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவு ஆலைக்கும் கடலூர் மாவட்டத்து நெல்லிக்குப்பம் ஆலைக்கும் கரும்பு போன காலம் அது. லிங்காரெட்டிப்பாளையம் ஆலை மூடியபின் அந்த வருமானமும் சுருங்கியது. சின்ன வண்டியில் அதே ஆசையோடு பாரம் ஏற்றினால், இழுத்துக்கொண்டு போவது பெரிதில்லை, நிறுத்துவதுதான் பெரிது. 630 கிலோ வண்டியைப் பின்னாலிருக்கும் மூன்று டன் தள்ளிக்கொண்டு போகும். சாலையில் இதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது. நாற்று, உரமூட்டை, வைக்கோல் என்ற அளவோடு நிறுத்திக்கொள்வதே சரி.

உதிரிப்பாகமும் ஒரு தலைவலியாக இருந்தது. பெரிய வண்டியின் ஃபில்டர் பாகூர்க் கடைத்தெருவில் கிடைக்கும். சின்ன வண்டியின் ஒரு ஆயில் சீலுக்கு நடவு நேரத்தில் நாள் கணக்கில் காத்திருந்தது அவருக்கு இன்னும் ஆறவில்லை. அன்றிலிருந்து சீல், பெல்ட், ஃபில்டர், பிளேடு போல்ட் எல்லாவற்றிலும் ஒரு செட் எப்போதும் வீட்டு அலமாரியில் இருக்கிறது. டீசல் விஷயத்தில் குறையில்லை. தமிழ்நாட்டைவிடப் புதுச்சேரியில் விலை குறைவு, கடலூர்ப் பக்கத்து வண்டிகளே எல்லை தாண்டி வந்து நிரப்பிக்கொண்டு போகும். 23 லிட்டர் டேங்க்கை நிரப்பினால் ரொட்டவேட்டர் வேலைக்கு ஒரு நாள் தாராளமாக வரும்.

இரண்டு காணிக்காக ஒரு டிராக்டர் கட்டுப்படியாகுமா? ஆகாது. இதை அவரே முதலில் ஒப்புக்கொள்வார். சொந்த உழவு வருஷத்தில் சில நாளில் முடிந்துவிடும். தவணை பன்னிரண்டு மாதமும் வரும். வாடகை ஓட்டம்தான் கடனை அடைத்தது. மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15-ல் வந்தது. அதில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் உச்சவரம்புக்கு உட்பட்டு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை மானியம் உண்டு. சேர்ந்து வாடகை மையம் வைக்கும் குழுக்களுக்கும் தனி உதவி உண்டு. அந்தந்தப் பகுதி உழவர் உதவியகத்தில் கேட்டால் விண்ணப்பம், வரிசை, அந்த வருஷத்து ஒதுக்கீடு எல்லாம் தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் தெருவுக்கு நாலு வண்டி நிற்பதைவிட, நாலு வீடு சேர்ந்து ஒரு வண்டி வாங்குவதே பாகூருக்கும் வில்லியனூருக்கும் பொருந்தும். பங்காளிச் சண்டைக்குப் பயந்து அதைச் செய்யாமல் இருக்கிறார்கள். நஷ்டம் எல்லா வீட்டுக்கும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது வடிவதற்குள், சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. ஆற்றோரத்துப் பாகூர்க் கிராமங்களில் பொதி கட்டி நின்ற சம்பா முங்கிப்போனது. தண்ணீர் வடிந்தபின் சில வயல்களில் வரப்பு எது, வாய்க்கால் எது என்றே தெரியாமல் மணலும் வண்டலும் கிடந்தன. முழங்கால் உயர மணலைச் சின்ன வண்டியால் ஒன்றும் செய்ய முடியவில்லை, அதற்கு ஜே.சி.பி.தான் வர வேண்டியிருந்தது. ஒரு சாண் வண்டல் படிந்த வயல்களில், பின்னால் பிளேடு மாட்டி, வரப்பு ஓரம் ஓரமாக வழித்துச் சமன்படுத்தியது சின்ன வண்டிதான். ஈரம் காயும் வரை பெரிய வண்டிகள் ரோட்டோரம் நிற்க, இது மட்டும் உள்ளே இறங்கியது. நவரைக்கு நாற்று விட முடிந்த வயல்களில் சில அதன் தயவு.

'பொம்மை வண்டி' என்று சொன்னவர்களில் ஒருவர் மகன் இப்போது வாங்கப் போகிறான். தாளோடு அவரிடம் வந்தான். "இதுல எது மாமா நல்ல வண்டி?" வண்டியின் பேரை அவர் சொல்லவில்லை. கேட்க வேண்டியதைச் சொல்லி அனுப்பினார். வாங்க நினைக்கும் எல்லாருக்கும் அது பொருந்தும்.

மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையில் இருக்கும் புத்னியில், மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, பரிசோதனை நிலையம் 1955-லிருந்து இயங்குகிறது. டிராக்டர் மாடல்களைச் சோதித்து அறிக்கை வெளியிடும் இடம் அது. பி.டி.ஓ.வில் நிஜமாக எத்தனை குதிரைத்திறன் வருகிறது, மணிக்கு எத்தனை லிட்டர் டீசல், லிஃப்ட் எவ்வளவு தூக்கியது, ஓட்டுகிறவர் காதுக்கு எவ்வளவு சத்தம், கைக்கும் காலுக்கும் எவ்வளவு அதிர்வு, சேற்றுழவு முடிந்து பிரித்துப் பார்த்தபோது சீல்களுக்குள் சேறும் தண்ணீரும் போயிருந்ததா என்பது வரைக்கும் அதில் இருக்கும். பளபளப்பான தாளைக் கீழே வைத்துவிட்டு அந்த அறிக்கையைக் கேளுங்கள். கடைக்குப் போகும் முன் உங்கள் வயலின் மிகக் குறுகிய பாதையையும், மிகச் சின்ன துண்டையும், வரப்பின் உயரத்தையும் நாடா பிடித்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள். டெமோ காட்டுகிறேன் என்று ஷோரூம் சிமெண்டுத் தரையில் வண்டியை ஓட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மடை திறந்து தண்ணீர் கட்டி, ரொட்டவேட்டரோடு உங்கள் வயலில் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். மூலையில் திரும்பிக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.